பாத்ரூம் வேலைக்குப் பணம் கேட்டு கவுன்டி கோர்ட்டில் வழக்கு: என்ன பதில் கொடுப்பது?

கேள்வி இதுதான். லண்டன் ஹாரோவில் இருக்கும் ஒரு சகோதரி, தெரிந்தவர் மூலம் வந்த டைல்ஸ்காரர் ஒருவரிடம் பாத்ரூமை முழுதாகப் புதுப்பிக்கும் வேலையை 5,200 பவுண்டுக்குப் பேசி ஒப்படைத்தார். 3,000 கொடுத்தாகிவிட்டது. வேலை முடிந்துவிட்டது என்று அவர் சொல்லிச் சில வாரங்களில், ஷவருக்கு நேர் கீழே ஹால் சீலிங்கில் ஈரம் இறங்கியது. மிச்சப் பணத்தைச் சகோதரி நிறுத்திவிட்டார். இப்போது மீதி 2,200, கூடுதல் குழாய் வேலைக்கு 350, ஆக மொத்தம் 2,550 பவுண்டு கேட்டு அந்த மனிதர் வழக்குப் போட்டிருக்கிறார். "அந்த வேலைக்கு இனி ஒரு பென்னி கூடக் கொடுக்க மாட்டேன். கடிதத்துக்குப் பதில் போடாமலே விட்டால் என்ன ஆகும்? லோயர் வைக்கணுமா?" என்று கேட்கிறார்.

முதலில், பதில் போடாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் இருந்தாலும், குறித்த தேதிக்குள் கோர்ட்டுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை என்றால், எதிர்த்தரப்பு கேட்ட மாத்திரத்தில் முழுத் தொகைக்கும் உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்துவிடும். எந்த நீதிபதியும் உட்கார்ந்து உங்கள் சீலிங் போட்டோவைப் பார்க்கப் போவதில்லை. அந்தத் தீர்ப்பு ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டப்படாவிட்டால் ஆறு வருடம் பதிவேட்டில் இருக்கும். மோர்ட்கேஜ் புதுப்பிக்கப் போனால், கார் லோன் கேட்டால், ஏன், வாடகை வீடு தேடினால்கூட அது எதிரே வந்து நிற்கும். பிறகு அதை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குக் கட்டணமே 300 பவுண்டைத் தாண்டும். ஜெயிக்கக்கூடிய வாதம் உங்களிடம் இருக்கிறது என்றும், விஷயம் தெரிந்ததும் தாமதிக்காமல் வந்தீர்கள் என்றும் காட்ட வேண்டும். ஆலோசனை மையத்தில் என் முன்னால் வந்து உட்காருகிறவர்களில் மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருப்பது இவர்களைப் பார்க்கும்போதுதான். நல்ல வழக்கு கையில் இருக்கும், தேதி போயிருக்கும்.

சரி, தேதிக்கு வருவோம். கோர்ட்டின் பழைய இணையச் சேவை வழியாகப் போட்ட வழக்கு என்றால், கடிதத்தில் உள்ள வெளியீட்டுத் தேதியிலிருந்து ஐந்தாம் நாள் அது உங்கள் கைக்கு வந்ததாகக் கணக்கு. அதிலிருந்து 14 நாள். நீங்கள் சொன்னபடி 3ஆம் தேதி வெளியானது என்றால், 8ஆம் தேதி கைக்கு வந்ததாகக் கொண்டு 22ஆம் தேதிக்குள் ஏதாவது ஒரு பதில் போயாக வேண்டும். அந்த 14 நாளில் முழு எதிர்வாதமும் எழுத முடியாது என்றால், கடிதம் கிடைத்தது, வழக்கை எதிர்க்கிறேன் என்று மட்டும் தெரிவிக்கும் ஒப்புகையை அனுப்பலாம். அதை அனுப்பினால் 14 நாள் 28 நாளாக நீளும். உங்கள் விஷயத்தில் அது அடுத்த மாதம் 5 அல்லது 6ஆம் தேதி வரை போகும். ஆனால் புதிய இணையச் சேவையிலும், தபாலில் வரும் வழக்குகளிலும் கணக்கு கொஞ்சம் மாறும். அதனால் கடிதத்தில் எந்தத் தேதி அச்சாகியிருக்கிறதோ அதையே கடைசி நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இன்று இரவே ஒப்புகையை அனுப்பிவிட்டு, அப்புறம் நிதானமாக உட்கார்ந்து எழுதுங்கள்.

லோயர் கட்டாயமில்லை. 10,000 பவுண்டு வரையிலான இப்படிப்பட்ட வழக்குகள் பொதுவாகச் சிறு வழக்குப் பிரிவுக்குத்தான் போகும். அங்கே ஜெயித்தவருக்கும் லோயர் செலவு பெரும்பாலும் திரும்பக் கிடைக்காது. இது உங்களுக்குச் சாதகம்தான். எதிர்த்தரப்பு பெரிய லோயரைக் கூட்டிவந்தாலும், நீங்கள் தோற்றால் அவர் பில்லை உங்கள் தலையில் கட்ட முடியாது, நீங்கள் வழக்கை முறைகேடாக நடத்தியிருந்தாலொழிய. கோர்ட் கட்டணம், வட்டி, சாட்சிக்கு வந்தவரின் பயணச் செலவு, இந்த அளவில்தான் நிற்கும். வட்டி பெரும்பாலும் வருடத்துக்கு 8 சதவீதம் கேட்பார்கள். 2,550க்கு அது வருடத்துக்கு 204 பவுண்டு, நாளுக்கு 56 பென்ஸ். பயந்து நடுங்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸ் முறையைத்தான் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் இருக்கும் உறவினர் வேறு மாதிரி சொன்னால் குழம்ப வேண்டாம், அங்கே சட்டமே தனி.

இனி "ஒரு பென்னி கூடக் கொடுக்க மாட்டேன்" என்பதைப் பற்றி. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த வழக்கில் நீங்கள் யோசிக்க வேண்டியது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். இந்தக் கேள்விக்கு ஆங்கிலேயச் சட்டத்தில் இரண்டு பழைய அப்பீல் தீர்ப்புகள் இருக்கின்றன. இரண்டுமே வீட்டு வேலை சம்பந்தப்பட்டவை.

ஒன்று 1952இல் வந்த ஹோனிக் எதிர் ஐசக்ஸ். ஓர் அறை கொண்ட ஃபிளாட்டை அலங்கரித்து மரச் சாமான்கள் செய்து போட 750 பவுண்டுக்கு ஒப்பந்தம். வீட்டுக்காரர் 400 கொடுத்துவிட்டு, வேலை சரியில்லை என்று மீதி 350ஐ நிறுத்திக்கொண்டார். அலமாரிக் கதவு ஒன்றை மாற்ற வேண்டும், புத்தக அலமாரி நீளம் குறைந்துவிட்டது, இப்படிச் சில குறைகள். சரிசெய்ய ஆகும் செலவு ஏறக்குறைய 55 பவுண்டு. வேலை பெரும்பகுதி முடிந்துவிட்டது, ஆகவே அந்த 55ஐக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடு என்றது கோர்ட். மற்றது 1972இல் வந்த போல்டன் எதிர் மகாதேவா. ஒரு வீட்டுக்கு 560 பவுண்டுக்கு சென்ட்ரல் ஹீட்டிங் போட்டிருக்கிறார்கள். அறைகளில் புகை நாற்றம், வீடும் போதுமான அளவு சூடாகவில்லை. சரிசெய்யும் செலவு 174 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். இது முடிந்த வேலையே இல்லை, ஆகவே போட்டவருக்கு ஒப்பந்தத் தொகை எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டது கோர்ட்.

உங்கள் பாத்ரூம் இந்த இரண்டில் எந்தப் பக்கம்? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் டைல்ஸ் போட்டாகிவிட்டது, டாய்லெட்டும் பேசினும் நன்றாக இருக்கின்றன, நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். கெட்டுப் போனது ஷவர் தட்டும் அதைச் சுற்றிய தரையும்தான். ஷவர் உள்ள பாத்ரூமில் தண்ணீர் கீழே இறங்குவது சின்னக் குறை இல்லை என்று வாதாட இடமிருக்கிறது. இருந்தாலும் நீதிபதி முதல் வழக்கின் பாதையில்தான் போவார் என்று நான் நினைக்கிறேன். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டமும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. வேலையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. செய்யாவிட்டால் திரும்பச் செய்யச் சொல்லிக் கேட்கலாம் என்கிறது 55. அது முடியாமல் போனாலோ, நியாயமான காலத்துக்குள் நடக்காவிட்டாலோ விலையைக் குறைக்கலாம் என்கிறது 56. எவ்வளவு குறைப்பது என்பதுதான் கோர்ட்டில் பேசப்படும். அந்த மனிதர் நல்லவரா, பேச்சு மாறுகிறவரா என்பது அங்கே யாருக்கும் தேவையில்லை. உங்கள் கோபத்தை ஒரு தொகையாக மாற்றிக் கொண்டுபோய் வைத்தால் நீதிபதி அதை எடுத்துப் பார்ப்பார்.

அந்தத் தொகையை எப்படிக் கண்டுபிடிப்பது? வேறு இரண்டு பில்டர்களை வரவழைத்து, குறை என்ன, சரிசெய்ய எவ்வளவு என்று தேதியோடு, முகவரியோடு எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் "அரௌண்ட் டூ கே அக்கா" போதாது. ஓர் உதாரணத்துக்கு, ஷவர் தட்டைக் கழற்றி அடியில் வாட்டர்ப்ரூஃபிங் செய்து தரை டைல்ஸை மறுபடி பதிக்க 1,450, ஹால் சீலிங்கைப் பூசிப் பெயின்ட் அடிக்க 320 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,770. ஒப்பந்தத் தொகையில் நீங்கள் தர வேண்டிய மிச்சம் 2,200. கழித்தால் 430. அந்த 350 பவுண்டு குழாய் வேலைக்கு நீங்கள் சம்மதமே தரவில்லை என்றால் அது கணக்கில் வராது. ஆகவே 2,550 கேட்டவருக்கு உங்கள் பதில்: "430 ஒத்துக்கொள்கிறேன், மீதியை மறுக்கிறேன்." படிவத்திலேயே பகுதித் தொகையை ஒத்துக்கொள்ள வழி இருக்கிறது. எதையும் தர மாட்டேன் என்று நிற்கிறவரைவிட, இவ்வளவுதான் தர வேண்டும், இதோ கணக்கு என்று சொல்கிறவரை நீதிபதிகள் நம்பிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் 430ஐ ஏற்றுக்கொண்டால் வழக்கு அங்கேயே முடியும்.

கணக்கு மறுபுறம் சாய்ந்தால், அதாவது சரிசெய்யும் செலவு 2,200ஐத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு எதிர்வழக்குப் போட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. 1,500க்கு மேல் 3,000 வரையிலான கோரிக்கை என்றால் 115 பவுண்டு. மிச்சத்தில் கழித்துக்கொள்வது மட்டும் போதும் என்றால் அது எதிர்வாதத்திலேயே அடங்கிவிடும், கட்டணம் தேவையில்லை. பலர் கோபத்தில் மன உளைச்சலுக்கு 3,000, லீவு போட்டதற்கு 500 என்று எதிர்வழக்கை ஊதிப் பெருக்குகிறார்கள். வேண்டாம். உண்மையான 1,770ஐயும் அது சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

எதிர்வாதம் எழுதும்போது பத்திகளுக்கு எண் போடுங்கள். அவர் கோரிக்கையில் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஒத்துக்கொள்கிறேன், மறுக்கிறேன் (ஏன் என்ற காரணத்தோடு), அல்லது எனக்குத் தெரியாது, அவர் நிரூபிக்கட்டும், இந்த மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு குற்றச்சாட்டைத் தொடாமலே விட்டால் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. "இவர் ஏமாற்றுக்காரர், எங்கள் வீட்டையே நாசமாக்கிவிட்டார்" என்று எழுதுவதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "மார்ச் 14ஆம் தேதி காலை ஷவரை 20 நிமிடம் ஓட விட்டேன். ஹால் சீலிங்கில், ஷவர் தட்டின் இடது மூலைக்கு நேர் கீழே, கையளவு ஈரம் படர்ந்தது. போட்டோ 3, 4. அன்றே மதியம் வாதிக்குத் தெரிவித்தேன். அவர் 'வந்து பார்க்கிறேன்' என்று பதில் அனுப்பினார். இணைப்பு 6. மார்ச் 28 வரை வரவில்லை." நான்கைந்து வரிதான். ஆனால் பழுது, தேதி, தெரிவித்தது, அவர் பதில், வராதது எல்லாம் அதில் இருக்கிறது. கடைசியில் இதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தெரிந்தே பொய் எழுதினால் அது கோர்ட் அவமதிப்பு வரை போகும்.

கட்டட வேலைத் தகராறுகளுக்கென்று ஸ்காட் ஷெட்யூல் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. வரிசை எண், குறை என்ன, நீங்கள் சொல்லும் செலவு, அவர் பதில், அவர் சொல்லும் செலவு, கடைசியில் நீதிபதி எழுத ஒரு காலிக் கட்டம். கோர்ட் கேட்காவிட்டாலும் ஒரு தாளில் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதி பேனாவை எடுத்து அந்தக் காலிக் கட்டத்தை நிரப்ப ஆரம்பித்தாலே பாதிப் பேச்சு குறைந்துவிடும்.

சாட்சியங்களில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சரிசெய்வதற்கு முன்னால் எல்லாவற்றையும் பதிவு செய்துவிடுங்கள். புது ஆள் வந்து தரையை உடைத்த பிறகு பழைய வேலை எப்படி இருந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே வீடியோ எடுங்கள். அடியில் பசை சரியாகப் பிடிக்காத இடத்தில் சத்தம் வெறுமையாகக் கேட்கும். நீதிபதிக்கும் அந்த வித்தியாசம் கேட்கும். வீடியோ காட்டப் போவதாகக் கோர்ட்டுக்கு முன்கூட்டியே சொல்லி, எதில் போட்டுக் காட்டுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உடைக்கும்போது புது பில்டரிடம் சொல்லி ஒவ்வொரு அடுக்கையும் படம் பிடிக்கச் சொல்லுங்கள். வாட்டர்ப்ரூஃப் பூச்சு போட்டேன் என்று எதிர்த்தரப்பு சொன்னால், வெறும் பலகை தெரியும் ஒரு படம் போதும். நிபுணர் அறிக்கை என்று முறையாக வைக்க வேண்டுமானால் கோர்ட்டின் அனுமதி வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

நம் ஆட்களிடையே இந்த வேலைகள் எப்படி நடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். கோயிலில் அறிமுகம், சமையலறையில் டீ குடித்தபடி வாய்ப்பேச்சு, உறையில் காசு, ரசீது கேட்டால் மரியாதைக் குறைவு. எழுத்தில் இல்லை என்பதால் ஒப்பந்தமே இல்லை என்று ஆகிவிடாது. வாய் ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். யார் சொல்வது உண்மையாக இருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்து நீதிபதி முடிவு செய்வார். நீங்கள் ரொக்கமாகக் கொடுத்த 3,000க்கு, அந்த வாரம் பேங்கில் எடுத்த பதிவும், "கிடைத்தது அக்கா" என்று அவர் அனுப்பிய மெசேஜும் சேர்ந்தால் பலமான ஆதாரம். தமிழில் உள்ள மெசேஜ்களையும் வாய்ஸ் மெசேஜ்களையும் தேதி வாரியாக எழுதி, ஆங்கில மொழிபெயர்ப்போடு வையுங்கள். உங்களுக்குச் சாதகமானதை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். முழு உரையாடல் அவர் போனிலும் இருக்கிறது.

நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்த இடம், "திரும்ப வருகிறேன் என்றார், நான் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்ற வரி. திரும்பச் செய்து கொடுக்கும் வாய்ப்பைச் சட்டம் முதலில் வைக்கிறது. ஏன் மறுத்தீர்கள் என்று நீதிபதி கட்டாயம் கேட்பார். அதற்கு முன் எத்தனை முறை வருகிறேன் என்று சொல்லி வராமல் இருந்தார், எத்தனை நாள் காத்திருந்தீர்கள் என்பதை மெசேஜ்களோடு காட்ட வேண்டும். அதைக் காட்ட முடிந்தால் பிரச்சினை இல்லை. முடியாவிட்டால் இந்த இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. வியாபாரி உங்கள் வீட்டுக்கு வந்து அங்கேயே பேசி முடித்த ஒப்பந்தத்துக்கு, 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு என்று அவர் உங்களுக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அந்த ரத்துக் காலம் இன்னும் 12 மாதம் வரை நீளும். அந்தக் காலத்தில் செய்த வேலைக்குப் பணமே கேட்க முடியாத நிலை கூட வரலாம். அவசரப் பழுதுக்கு நீங்களே கூப்பிட்டதற்கு இந்த ரத்து உரிமை கிடையாது. அளவு மட்டும் எடுத்துக்கொண்டு போய், பிறகு விலையை ஈமெயிலில் அனுப்பி நீங்கள் சம்மதித்தீர்கள் என்றாலும் கதை மாறும். உங்கள் விஷயத்தில் வீட்டிலேயே பேசி முடித்ததால் இது ஒரு நல்ல வாதம். எதிர்வாதத்தில் தனிப் பத்தியாக எழுதுங்கள். ஆனால் இதை மட்டும் நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள். ரத்துக் கடிதம் அனுப்புவதற்கு முன் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ அருகில் உள்ள சட்ட மையத்திலோ ஒருமுறை காட்டிக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

எதிர்வாதம் போன பிறகு ஒரு கேள்வித்தாள் வரும். சாட்சிகள் எத்தனை பேர், எந்த நாட்களில் வர முடியாது, மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்றெல்லாம் கேட்கும். ஆங்கிலத்தில் பதற்றத்தோடு பேச வேண்டியிருக்கும் என்றால் அங்கேயே எழுதிக் கேளுங்கள். நீங்கள் தனிநபர் என்பதால் விசாரணையை உங்களுக்குப் பக்கத்துக் கோர்ட்டுக்கு மாற்றுவது வழக்கம்.

2024 மே 22ஆம் தேதிக்குப் பிறகு போட்ட இப்படியான வழக்குகளில் சமரசப் பேச்சு கட்டாயம். போனில் நடக்கும், ஒரு மணி நேரம் வரை, கட்டணம் இல்லை. நீங்களும் அவரும் நேரடியாகப் பேச வேண்டியதில்லை. நடுவர் மாறி மாறி இருவருக்கும் பேசுவார். அங்கே சொன்னது நீதிபதிக்குப் போகாது. போனை எடுக்காமல் விட்டால் கோர்ட் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கலாம். இதற்குப் போவதற்கு முன் இரண்டு எண்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கணக்குப்படி வரும் 430, இதற்கு மேல் போக மாட்டேன் என்ற இன்னொரு தொகை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 800 வரை யோசிப்பேன். நீங்கள் அவரை வர வேண்டாம் என்று சொன்னது ஒரு பலவீனம், ஒரு நாள் சம்பளம் போவது ஒரு செலவு, இன்னும் பல மாதம் இதை மனதில் சுமப்பதற்கும் ஒரு விலை உண்டு.

சமரசம் ஆகாமல் விசாரணை வந்தால், கோர்ட் சொல்லும் தேதிக்குள், வழக்கமாக விசாரணைக்கு 14 நாள் முன்பு, எல்லா ஆவணங்களையும் கோர்ட்டுக்கும் அவருக்கும் அனுப்ப வேண்டும். அறையில் பெரும்பாலும் ஒரு மேசை, எதிரே நீதிபதி, விக்கும் இல்லை அங்கியும் இல்லை. "ஜட்ஜ்" என்று கூப்பிட்டால் போதும். நீங்கள் கூடவே இருந்தால் உங்கள் கணவரோ நண்பரோ உங்களுக்காகப் பேசலாம். எதிர்த்தரப்பு பேசும்போது குறுக்கே பாயாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு உங்கள் முறையில் சொல்லுங்கள். தீர்ப்பு பெரும்பாலும் அன்றே வரும்.

இடையில் அவரே போன் செய்து "வழக்கை வாபஸ் வாங்குகிறேன் அக்கா, 600 தாங்க" என்று சொன்னாலும் சொல்வார். பேசுங்கள், தப்பில்லை. ஆனால் தொகை, கட்டும் தேதி, இத்தோடு இந்த வேலை பற்றிய எல்லாக் கோரிக்கையும் இரு பக்கமும் முடிந்தது என்ற வரி, மூன்றையும் எழுத்தில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பியதும் வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு இருவரும் கோர்ட்டுக்கு எழுதுங்கள். எழுதி அதற்குக் கோர்ட் பதில் தரும் வரை எதிர்வாதத் தேதி அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து, எழுதி வைத்ததை அந்தத் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள்.